அக்கா, இன்று தோட்டத்துக்குத் தண்ணீர் விடவில்லை

என் பிரியமான நவமணி அக்காவுக்கு,

தோட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால், நான் ராஜபாளையம் பஸ்ஸை விட்டு இறங்கி உன் வீட்டுப் படியேறும் முன்பே அதைத்தான் கேட்டிருப்பாய். முழுதாக இல்லை அக்கா, ரோட்டோரப் பக்கம் கொஞ்சம் போய்விட்டது. ஆனால் வேப்பமரத்தடியும், அதைச் சுற்றிய புல்லும், நீ போட்டு வைத்த இரண்டு பெஞ்சுகளும் அப்படியே இருக்கின்றன.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அதனால் உனக்கே தெரிந்த சிலவற்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்ற மறு வாரமே, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நம் கிறிஸ்தவ சபையின் ஆலயத்தை ஒட்டிக் கிடந்த முள்காட்டை நீ கமிட்டியிடம் கேட்டாய். எதற்கு என்று எல்லோரும் உன்னைக் கேட்டார்கள். நானும் கேட்டேன். நீ எனக்குச் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே, வீட்டுல ஒருத்தர் செத்துப்போனா ஆஸ்பத்திரி வாசல்ல சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு அழுதாவ. எத்தனை பேரைப் பாத்துருக்கேன். உக்காந்து அழ ஒரு எடம் வேணும்லா."

அப்படி வந்த தோட்டம் அது. எந்த மதத்தாரும் வரலாம், கேட் பூட்டுவதில்லை என்பது நீ போட்ட சட்டம். நந்தியாவட்டை, செம்பருத்தி, பிச்சி, நடுவில் புல். சில வருஷம் நீயே ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விட்டாய். பிறகு முழங்கால் வலி வந்தது. நான் மில்லில் எலெக்ட்ரீஷியன், தம்பி வேறு. சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து குழாய் பதித்து, நாலு ஸ்பிரிங்ளர் வைத்து, சுவரில் ஒரு டைமரை மாட்டினேன். தினமும் காலை ஆறு மணிக்குத் தானாகத் திறக்கும், இருபது நிமிஷத்தில் தானாக அடைக்கும். நீ கைகட்டி நின்று பார்த்துவிட்டு, நல்லாருக்குலே என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாசியில் நீ போனாய். அந்த டைமரைப் பற்றி அடக்கத்தின்போது யாருக்கு நினைப்பு? அது பாட்டுக்குத் தினமும் ஆறு மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரையில் ஒரு நாள். நகராட்சித் தண்ணீர் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆலயத்து போர்வெல் தண்ணீரைத்தான் தெருவே நம்பி இருந்தது. கேட் பக்கத்துக் குழாயில் விடியற்காலையிலிருந்தே பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். அப்போது எதிர்பாராமல் கோடைமழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. அந்த மழையில் சரியாக ஆறு மணிக்கு நாலு ஸ்பிரிங்ளரும் எழுந்து சுற்ற ஆரம்பித்தன. மேல்தொட்டி ஒன்றுதானே, தோட்டத்துக்கு ஓடியதும் கேட் குழாயில் தண்ணீர் நூலாக இளைத்து நின்றுவிட்டது. வானத்திலிருந்தும் தண்ணீர், தரையிலிருந்தும் தண்ணீர், நடுவில் பாதிக் குடத்தோடு பெண்கள்.

யாரோ அதை வீடியோ எடுத்தார்கள். நான் மில்லில் இருந்தபோது என் போனுக்கே அது வந்தது. படத்தில் முன்னால் நின்ற பெண்ணின் பெயர் முத்துமாரி, பின்தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கிறவள். அவள் கத்தவில்லை. வாட்ச்மேனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள். "எங்களுக்குக் குடத்துக்குத் தண்ணி இல்ல. நனைஞ்சு கெடக்க புல்லுக்குத் தண்ணி ஊத்துதிய. இதைச் சாமி பாத்துக்கிட்டுத்தானே இருக்கும்?"

அக்கா, அந்த டைமர் என் கையால் மாட்டியது.

சாயங்காலம் பஸ் ஏறிப் போய் வாட்ச்மேன் மாடசாமி அண்ணாச்சியிடம் கேட்டேன், இத்தனை வருஷம் மழை நாளில் இது எப்படி வெளியே தெரியாமல் போனது என்று. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "நர்சம்மா மழை இருட்டுனாலே குடையோட வந்துருவாக. அவுகளே வால்வை அடைச்சிட்டுப் போவாக. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாக. தம்பி ஆசையா மாட்டுனது, சங்கடப்படுவான்னு சொன்னாக."

முழங்கால் வலிக்காக நான் மாட்டியதை நிறுத்தத்தான் நீ அந்த முழங்காலோடு நடந்து வந்திருக்கிறாய். ஏன் அக்கா சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு வழி பார்த்திருக்க மாட்டேனா?

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. தோட்டத்தை எடுத்துவிட்டு முழுக்க சிமெண்டுக் கல் பதித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்குவது என்று செயலாளர் ஜெபராஜ் தீர்மானம் கொண்டுவந்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருடைய அம்மா சக்கர நாற்காலியில் வருகிறவர். மழை நாளில் சேற்றில் சக்கரம் புதைந்து, இரண்டு பேர் தூக்கித்தான் அவரை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கிறது. தெருவுக்குத் தண்ணீர் கொடுத்த நல்ல பெயரும் அந்த வீடியோவோடு போய்விட்டது. கோபப்பட அவரிடம் காரணம் இருந்தது.

நான் எழுந்து மூன்று மாதம் கேட்டேன். என்ன செய்யப் போகிறீர்கள் என்றார்கள். என் மில் வேலையைச் சொன்னேன். நூற்பாலைக்குள் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். அதனால் வெளியே வெயிலா மழையா என்று பார்த்து, உள்ளே தண்ணீர்த் தெளிப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு பிளாண்ட் உண்டு. அதைப் பராமரிப்பதுதான் இருபது வருஷமாக என் பாடு. தோட்டத்துக்கும் அதே மாதிரி, வானிலை அறிவிப்பைப் பார்த்துத் தானே முடிவு செய்கிற பெட்டி வந்திருக்கிறது, அதை வைக்கிறேன் என்றேன். மழை வரும் என்றால் நிறுத்தும். வெயில் கூடினால் சில நிமிஷம் கூட்டும், மேகமூட்டம் என்றால் குறைக்கும்.

ஜெபராஜ் யோசித்துவிட்டு, "மூணு மாசம். அதுக்குள்ள ஒரு நா இதே மாதிரி ஆச்சுன்னா கல்லு எறங்கிரும் செல்வராஜ்" என்றார். சரி என்றேன்.

மறு வாரமே பழைய டைமரைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டியை மாட்டினேன். போதகர் வீட்டு வைஃபையில் அதைச் சேர்த்தேன். போனில் மழையின் படம், வெயில் எத்தனை டிகிரி, நாளைக்கு மழைக்கு எவ்வளவு வாய்ப்பு, எல்லாம் வந்தது. இரண்டு வாரம் அழகாக ஓடியது. ஒரு நாள் மழை வரும் என்று நிறுத்தியது, மழையும் வந்தது. மாடசாமி அண்ணாச்சியிடம், இனி நீங்கள் வால்வைத் தொடவே வேண்டாம், அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

மூன்றாவது வாரம் மில்லில் ஒரு மோட்டார் பழுதாகி, ஐந்து நாள் நான் ராஜபாளையத்தை விட்டு நகர முடியவில்லை. போன் தினமும் மழை, நிறுத்தப்பட்டது என்று காட்டியது. அங்கே இரண்டு நாள் சாயங்காலம் மழையும் கொட்டியது. நிம்மதியாக இருந்தேன். ஆறாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினால் ரோடெல்லாம் புழுதி. ஒரு பொட்டு மழை விழவில்லை. புல் பழுத்துக் கிடந்தது. சுவரோரம் போன தை மாதம் நீ கையால் நட்ட பிச்சிப் பதியன்கள், பன்னிரண்டும் காய்ந்து நின்றன.

அண்ணாச்சி காய்ந்த பதியன்களைக் காட்டினார். நீங்கதானே தொட வேண்டாம்னிய என்று மட்டும் சொன்னார்.

காரணத்தைக் கண்டுபிடிக்க செத்த நேரம்தான் ஆனது. மாட்டும் முன் பெட்டியைப் போனோடு பழக்கப்படுத்தியது ராஜபாளையத்தில் என் வீட்டு மேஜையில் வைத்து. அது என் வீட்டையே தோட்டம் என்று நினைத்துக்கொண்டு, என் வீட்டு மழையைப் பார்த்து உன் செடிகளுக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறது. இரண்டு ஊருக்கும் இடையில் அரை மணி நேரப் பஸ் தூரம்தான். கோடைமழைக்கு அந்தத் தூரம் போதும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அதை நான் அதற்குச் சொல்லவில்லை.

அந்தப் பதியன்களைப் பிடுங்கும்போது அழுதேன் அக்கா. நீ அடக்கமான அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று ஓட வேண்டிய வேலை இருந்தது.

ஞாயிறன்று ஜெபராஜ் வந்து காய்ந்த புல்லைக் காலால் தடவிப் பார்த்தார். எத்தனை கோபப்பட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர், "விட்டுருவோமே. அக்கா ஒருத்தராலதான் இது முடியும். இனிமே யாரால முடியும்?" என்று வருத்தத்தோடு சொன்னார். இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

முதலில் இடத்தை மாற்றினேன். வரைபடத்தைப் பெரிதாக்கி, நம் ஆலயத்தின் ஓட்டுக்கூரை மேலேயே புள்ளியை வைத்தேன். அது மட்டும் போதாது என்று பட்டது. முன்னறிவிப்பு என்பது வரும் என்று சொல்வதுதானே, வந்ததா என்று யார் சொல்வது? போதகர் வீட்டு மொட்டைமாடியில் மழையை அளக்கிற சிறு மானி ஒன்றைப் பொருத்திப் பெட்டியோடு இணைத்தேன். மழை வரும் என்று அறிவிப்பு வந்தால் தோட்டம் ஒரு வேளை காத்திருக்கும். மானியில் மழை விழுந்திருந்தால் விழுந்த அளவைக் கழித்துக்கொள்ளும். விழவில்லை என்றால் மறு வேளை தண்ணீர் விட்டாக வேண்டும், அறிவிப்பு என்ன சொன்னாலும் சரி. புதிதாக வைத்த இளம் பதியன்களுக்குத் தனி வால்வு, சொட்டுக் குழாய். அவற்றுக்குக் காத்திருப்பே கிடையாது. அண்ணாச்சியின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சிவப்பு ஸ்விட்ச் வைத்தேன். வானத்தைப் பார்த்து அவருக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய்யட்டும். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு முத்துமாரி கடைக்குப் போனேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த காரியம் அது. டைமர் மாட்டியவன் நான்தான் என்று சொன்னேன். அவள் இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டே காதுகொடுத்தாள். புதுப் பெட்டியைப் பற்றி விளக்கினேன், மேகம் தெரியும், காற்றுத் தெரியும், வெயில் தெரியும் என்று. எல்லாம் கேட்டுவிட்டு, "நாங்க தண்ணி பிடிக்கிற நேரம் அதுக்குத் தெரியுமாண்ணே?" என்றாள்.

தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கடை வாசலில் நின்றபடியே போனை எடுத்து, காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை எக்காரணம் கொண்டும் தோட்டத்துக்குத் தண்ணீர் திறக்கக் கூடாது என்று போட்டேன். ஸ்பிரிங்ளரை மாலை ஆறு மணிக்கு மாற்றினேன். காலையில் காலியான தொட்டி அதற்குள் நிரம்பிவிடும்.

ஆடிக் காற்று வந்தது. உனக்குத் தெரியுமே, நம் ஊரில் ஆடியில் மலைமேல் கறுத்துக் கிடக்கும், கீழே காற்றுத்தான் அடிக்கும். செண்பகத்தோப்பு ஓடையில் தண்ணீர் வரும், நம் தெருவில் புழுதி பறக்கும். காற்றில் ஸ்பிரிங்ளர் தண்ணீர் மதில் தாண்டி ரோட்டில் விழுந்தது. காற்று வேகம் இவ்வளவுக்கு மேல் என்றால் திறக்காதே, ராத்திரி காற்று அடங்கியதும் திற என்று அதையும் சொல்லிக்கொடுத்தேன். ரோட்டோரத்துப் புல் எப்படிப் பார்த்தாலும் தாகம் அடங்காத புல். வெயில் முழுக்க அதன் தலையில். அந்தப் பட்டையை நானே மண்வெட்டி எடுத்துக் கொத்திவிட்டேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் செய்தேன். எல்லாவற்றையும் காப்பாற்றுவேன் என்று நின்றால் எல்லாம் போய்விடும் போலிருந்தது.

தோட்டத்து வால்வில் ஒரு மீட்டர் போட்டு, வாரா வாரம் அந்த எண்ணை எழுதி ஆலயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். ஆவணி பிறக்கும்போது, பழைய டைமர் குடித்ததில் பாதிக்கும் குறைவாகவே தோட்டம் குடித்தது. ஜெபராஜ் ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தாளின் முன் நின்று படிப்பதைப் பார்த்தேன்.

மூன்று மாதம் முடிந்து கமிட்டி கூடியது. நான் பேசினேன், தாளைக் காட்டினேன். பெண்களின் குழாயில் ஒரு நாளும் தண்ணீர் நிற்கவில்லை என்றேன். இருந்தாலும் பாதிப் பேர் கல் பக்கம்தான் இருந்தார்கள். மிஷின் இன்றைக்கு ஓடும், இவன் இல்லாத நாளில் யார் பார்ப்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

அப்போது வாசலில் முத்துமாரி வந்து நின்றாள். அவள் நம் சபை இல்லை, கமிட்டியும் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படியைத் தாண்டாமல் நின்றாள். போதகர்தான், சொல்லுங்கம்மா என்றார்.

"எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில செத்த அன்னைக்கு எனக்கு வீட்டுக்குப் போக ஏலல. பிள்ளைககிட்ட என்னத்தச் சொல்ல? அந்த வேப்பமரத்தடியிலதான் உக்காந்தேன். நர்சம்மா வந்து பக்கத்துல உக்காந்தாக. ஒண்ணுமே பேசல. நான் எந்திரிக்கிற வரைக்கும் இருந்தாக. அந்த எடத்துல வண்டியை நிப்பாட்டாதிய. யாரு பாப்பான்னா, நாங்க பாக்கோம். தெருவுல ஆளா இல்ல?"

அவள் போய்விட்டாள். இது எனக்கு அதுவரை தெரியாது அக்கா. வீடியோவில் அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது. உன்னிடம் இன்னும் எத்தனை பேருடைய கதை இருந்தது? ஒன்றையும் சொல்லாமல் போய்விட்டாயே.

முடிவு இதுதான். நான் கொத்திவிட்ட ரோட்டோரப் பட்டையில் கல். அங்கிருந்து ஆலய வாசல் வரை சக்கர நாற்காலிக்கு ஒரு கல்பாதை. மற்றதெல்லாம் தோட்டம். தீர்மானத்தை எழுதியது ஜெபராஜ். எழுதி முடித்துவிட்டு, பாதையை வேப்பமரம் வரைக்கும் நீட்டினால் அம்மாவும் அங்கே போய் உட்காரலாம் என்றார். போன வாரம் நீட்டிவிட்டோம்.

முத்துமாரி சொன்னபடியே பார்க்கிறாள். அவள் போனிலும் பெட்டியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். மில்லில் இருக்கும்போது கூப்பிடுவாள். "அண்ணே, நாளைக்கு மழைன்னு போடுது. எனக்கு நம்பிக்கை இல்ல. மேக்க வெளுத்துக் கெடக்கு." நானும் அவளும் அண்ணாச்சியும் மானியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வருவோம். பெரும்பாலும் அறிவிப்புத்தான் ஜெயிக்கிறது. சில நாள் அவள் ஜெயிக்கிறாள்.

இன்று சனிக்கிழமை. இரண்டு நாளைக்கு நல்ல மழை என்று அறிவிப்பு. பெட்டி காத்திருக்கிறது, தண்ணீர் விடவில்லை. உன் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேற்கே மேகம் இறங்கியிருக்கிறது.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அன்று மழை அறிவிப்பு இல்லை, ஆறு மணிக்கு ஸ்பிரிங்ளர் திறக்க வேண்டிய நாள். ஐந்தேமுக்கால் இருக்கும். தளவாய்புரம் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற பிளாஸ்க், சுருட்டிய பாய். வயதான அம்மாள் பெஞ்சுக்குக்கூடப் போகவில்லை, புல்லிலேயே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். மகன் பக்கத்தில் நின்றான். மருமகள்தான் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்து, இங்க உக்காரலாமா என்று சைகையால் கேட்டாள்.

அறிவிப்பில் வெயில் இருந்தது, காற்று இருந்தது, ஈரம் இருந்தது. இவர்கள் இல்லை. நான் எழுந்து போய் வால்வைக் கையால் அடைத்தேன். ஆறு மணி வந்தது, போயிற்று. அவர்கள் எழுந்து போகும்போது ஏழரை தாண்டியிருந்தது. மறுநாள் புல் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. அதற்கென்ன.

அக்கா, உன்னைப் போல ஒருவர் பக்கத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார எனக்கு வராது. அது உன்னோடு போய்விட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். தினமும் மாலை ஆறு மணிக்கு இந்தத் தோட்டத்தில் ஒரு ஆள் இருப்பார். அண்ணாச்சியோ, முத்துமாரியோ, சனியும் ஞாயிறும் நானோ. மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் நான். அழ வந்தவர் எழுந்து போகும் வரை இங்கே தண்ணீர் திறக்காது.

இப்படிக்கு,
உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்த தம்பி,
செல்வராஜ்